அக்கா போயாவுக்குக் கொண்டு வந்த முடிவுகள்

1

இதைக் கலஹாவில், அக்கா வீட்டு மேசையில் இருந்து எழுதுகிறேன். மேசையின் முக்கால்வாசியைத் தையல் மெஷின் பிடித்துக்கொண்டிருக்கிறது. மிச்ச இடத்தில் என் கொப்பி. அடுத்த தவணைக்கான பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள் கதிரை முழுக்கக் குவிந்து கிடக்கின்றன. அக்காவின் பெயர் புஷ்பம். தான் தைத்த சட்டையைப் போடாமல் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு பிள்ளையும் பள்ளிக்கூடம் போனதில்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள். தன்னடக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

நான் இங்கிலாந்துக்குப் போய் இந்த மாதத்தோடு இருபது வருடம். வெளிநாட்டில் இத்தனை காலம் இருந்தவள் பனியைப் பற்றியும் தனிமையைப் பற்றியும் எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். பனி குளிராக இருக்கும், அவ்வளவுதான். தனிமைக்கு எனக்கு நேரம் கிடைக்கவில்லை. நான் எழுதப் போவது ஒரு பழைய பேய் நாடகத்தைப் பற்றி.

லெஸ்டரில் ஒரு வயோதிபர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே டொரீன் என்று எண்பத்தெட்டு வயது அம்மையார் ஒருவர் இருக்கிறார். என் பெயர் இந்திரா. அவர் வாயில் அது 'இண்டி' ஆகிவிட்டது. திருத்தித் திருத்தி அலுத்துப்போய் இப்போது அந்தப் பெயருக்கும் திரும்பிப் பார்க்கிறேன். போன வருடம் ஒரு பின்னேரம் அவருக்குத் தேநீர் கொண்டு போனேன். அவருடைய மகன் எங்கேயோ தேடிப் பிடித்து ஒரு பழைய தொலைக்காட்சித் தொடரின் டிவிடிப் பெட்டியை வாங்கிக் கொடுத்திருந்தான். திரையில் ஒரு நீண்ட நடைக்கூடம், இரண்டு பக்கமும் கதவுகள். நடுவில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு மனிதன், கையில் பெரிய சாவிக் கொத்தோடு நின்றான்.

"ஐயோ, சாவிக்காரன்!" என்று தமிழில் கத்திவிட்டேன். தேநீர் பாதி தட்டில் சிந்திவிட்டது.

டொரீன் பயப்படவில்லை. பக்கத்துக் கதிரையைத் தட்டி, உட்கார் என்றார். உட்கார்ந்தேன். "இந்தக் கதை எனக்குத் தெரியும், முடிவை இப்போதே சொல்லட்டுமா?" என்று கேட்டேன். சொல் என்றார். விஸ்தாரமாகச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நீ பார்த்தது வேறு ஏதோ, இண்டி" என்றார்.

நான் விடவில்லை, பொறுத்திருந்து பாருங்கள் என்றேன். பொறுத்திருந்து பார்த்தோம். முடிவு நான் சொன்னது போல் இல்லை. அடுத்த கதைக்கும் சொன்னேன், அதுவும் இல்லை. அன்று வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு வந்தது கோபம். என்னைப் பொய்யாக்கியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். அந்த முடிவுகளைச் சொன்னது என் அக்கா.

2

நாங்கள் பிறந்தது கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துக் குடும்பம். லயத்துக்கு அப்போது மின்சாரம் இல்லை. ஆனால் டீவி இருந்தது. தோட்டத்து லொறி ஓட்டிய டிரைவர் மாமா ஒரு சின்னக் கறுப்பு வெள்ளை டீவி வைத்திருந்தார். அது கார் பெட்டரியில் ஓடும். வாரத்துக்கு ஒருமுறை பெட்டரியை டவுனுக்குக் கொண்டு போய்ச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவார். அது வந்து இறங்கும்போது வீட்டுக்குப் புதுப் பெண் வந்தது போல எல்லோரும் வாசலுக்கு வருவோம்.

சனிக்கிழமை ஏழரைக்குச் சாவிக்காரன். டொரீனின் டிவிடிப் பெட்டியின் மேல் வேறு ஆங்கிலப் பெயர் இருக்கிறது, எங்களுக்கு அது எப்போதும் சாவிக்காரன்தான். ஒரு பெரிய பங்களா. வாரம் ஒரு கதவைச் சாவிக்காரன் திறப்பான். அந்த அறைக்குள் ஒரு கதை. பேச்சு இங்கிலீஷ், கீழே ஓடும் எழுத்து சிங்களம், பார்க்கிறவர்கள் தமிழர்கள். டிரைவர் மாமாவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். அவர் எழுத்தைப் பார்த்துப் பார்த்துச் சத்தமாகத் தமிழில் சொல்வார். பேய் வந்தாலும் பொலிஸ் வந்தாலும் ஒரே குரல்தான்.

பிரச்சினை பெட்டரி. ஆறு மணியில் இருந்து ஓடிய பெட்டரி எட்டு மணிக்கு மூச்சு வாங்கும். முதலில் படத்தின் இரண்டு பக்கமும் உள்ளே வரும். முகங்கள் ஒடுங்கி நீளும். பேயை விட அந்த நீண்ட முகங்கள்தான் எங்களை அதிகம் பயமுறுத்தின. பிறகு மாமாவால் எழுத்தை வாசிக்க முடியாது. படம் உள்ளங்கை அளவாகி, ஒரு புள்ளியாகி, அணைந்து போகும். நாடகம் முடியப் பத்து நிமிடம் இருக்கும். ஒரு வாரமாவது முடிவைப் பார்த்திருப்போமா என்றால், இல்லை. ஆறு மணிக்குப் போடாமல் ஏழரைக்குப் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஆறு மணிக்குத் தமிழ்ப் பாட்டு. பாட்டை விட்டுக்கொடுக்க லயத்தில் ஒருவரும் தயாராக இல்லை.

3

முடிவுகள் அக்காவிடம் இருந்து வந்தன.

சாவிக்காரன் தொடங்குவதற்குச் சற்று முன், அக்காவுக்குப் பதினைந்து வயதில் கண்டியில் ஒரு வீட்டில் வேலை கிடைத்தது. குளத்துக்கு மேலே ஏறுகிற தெருவில் பெரிய வீடு. எங்களைப் போலத் தமிழ் பேசுகிறவர்கள்தான். சமையல், துடைப்பு, உடுப்புத் துவைப்பு. மாதத்துக்கு ஒரு நாள், பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில், அவளுக்கு லீவு. முதல் பஸ்ஸில் பேராதனை வழியாக வந்து இறங்குவாள். மறுநாள் காலையில் திரும்பிப் போவாள்.

முதல் போயாவிலேயே அப்பா கேட்டார். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிக் காய்த்த கையால் அவள் தலையைத் தடவிக்கொண்டு, "அந்த வீட்டுல டீவி இருக்காம்மா? பாக்க விடுறாங்களா?" என்றார்.

"ஆமாப்பா. அவங்களோட சேந்துதான் பாப்பேன்."

"சாவிக்காரன் முடிவு பாத்தியா?" என்று நான் இடையில் புகுந்தேன்.

"பாக்காம? நாலும் பாத்தேன்."

செய்தி லயம் முழுக்கப் பரவிவிட்டது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பீலிக்கரையில் கூட்டம். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். டிரைவர் மாமா முன்னால் வந்து நின்றார், அவருக்குத்தான் அவசரம் அதிகம். எந்த இடத்தில் பெட்டரி போனது என்று மாமா ஒவ்வொன்றாகச் சொல்ல, அக்கா துவைக்கிற கல்லில் ஏறி நின்று நான்கு முடிவையும் சொன்னாள். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. நான்கு சனிக்கிழமை பாதிக் கதை, ஒரு போயாவில் மீதி.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் அந்தப் பங்களாவுக்கு வருகிறாள். அறையில் ஒரு கண்ணாடி அலுமாரி. அதற்குள் யாரோ தட்டுகிறார்கள். அவள் கையை நீட்டிக் கதவைப் பிடிக்கிறாள். எங்கள் பெட்டரி அதோடு போய்விட்டது. அக்கா சொன்ன முடிவு இது: "மூணு தட்டு தட்டுச்சு. இவ தெறந்தா உள்ள அவன் மொத பொண்டாட்டி. சாகலயாம், ஒளிச்சி வச்சிருக்கான். ரெண்டு பேரும் அந்தக் கண்ணாடிய போட்டு ஒடைச்சிட்டு ஒருத்தி மொகத்த ஒருத்தி பாத்து சிரிச்சாங்க பாருங்க, அப்புடி ஒரு சிரிப்பு. அப்புறம் கேட்ட தெறந்துக்கிட்டு, ரெண்டு பேரும் ஒரு காருல ஏறிப் போயிட்டாங்க!"

பீலிக்கரையில் பெண்கள் கைதட்டினார்கள். அக்காவின் முடிவுகளில் எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். சாவிக்காரன் கடைசியில் கதவைத் திறந்துவிடுவான். பேய்கூட நல்ல பேயாகி வீட்டுக்குப் போய்விடும். பேய் நாடகம் பார்த்துவிட்டு இவ்வளவு சந்தோசமாக இருந்த சனம் உலகத்தில் வேறு எங்கும் இருந்திருக்காது.

4

ஒரே ஒரு முடிவு அப்படி இல்லை.

அது தொடரின் கடைசிக் கதை, எங்களுக்கு அப்போது அது தெரியாது. ஒரு சின்னப் பெண்ணை அந்தப் பங்களாவில் கொண்டு வந்து விடுகிறார்கள். எல்லா அறைக்கும் போகலாம், சாவிக்காரனுடைய அறைக்கு மட்டும் போகக்கூடாது. அவள் போகிறாள். அவள் மேல் சாவிக்காரனின் நிழல் விழுகிறது. எங்கள் படம் புள்ளியாகிப் போனது.

அந்த மாதம் வேறொன்றும் நடந்தது. அக்கா வேலை செய்த வீட்டம்மாவின் தங்கைக்கும் வீட்டு வேலைக்கு ஒரு பிள்ளை தேவைப்பட்டது. ஆள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எனக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பு. அப்பாவும் அம்மாவும் யோசித்தார்கள். நான் யோசிக்கவே இல்லை. பெட்டரி இல்லாத டீவி, முடிவு வரைக்கும் சாவிக்காரன், கதிரையில் உட்கார்ந்து பார்க்கலாம். "நானும் போறேன், நானும் போறேன்" என்று என் இரண்டு சட்டையையும் ஒரு பையில் போட்டு வைத்துவிட்டேன். அக்கா போயாவுக்கு வந்து அந்தப் பையைப் பார்த்தாள். யாருடைய பை என்று கேட்டாள். சொன்னோம்.

பின்னேரம் கல்லில் ஏறி நின்று கடைசி முடிவைச் சொன்னாள். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தாள்.

"ஒரு பாட்டு சத்தம், சின்னப் புள்ள முனகுற மாதிரி. அப்புறம் பூட்டுல சாவி ஒரு தடவ திரும்புச்சு. காலடி சத்தம் மெதுவா தூரமா போச்சு. அவ்வளவுதான். சாவிக்காரன் போயிட்டான். அந்தப் புள்ள உள்ள. கத்துனாலும் யாருக்கும் கேக்காது. இன்னைக்கும் உள்ளதான் இருக்கா."

கைதட்டல் இல்லை. அம்மா "என்னாடி இது" என்று முணுமுணுத்தாள். நான் அன்று முழுக்க நடுங்கினேன். அடுத்த வாரம் என்னைக் கூட்டிப் போக ஆள் வந்தபோது எங்கள் லயத்துக் காம்பராவின் கதவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்பா அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். நான் பள்ளிக்கூடம் போனேன். பிறகு கண்டியில் படித்தேன், யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவனைக் கட்டினேன், விமானம் ஏறினேன். அக்கா அந்த வீட்டில் ஆறு வருடம் இருந்தாள்.

இந்த ஆறு வருடத்தைப் பற்றி அக்கா நல்லதைத் தவிர வேறொன்றும் சொன்னதில்லை. அவளுக்கு அது நல்ல காலம் என்றே நான் இவ்வளவு நாளும் நம்பியிருந்தேன். டொரீனின் அறையில் இருந்து வெளியே வந்த அன்றுதான் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

5

டொரீன் அந்தப் பெட்டியை எனக்கே கொடுத்தார். முடிவு தெரியாதவள் நீதானே என்றார். எங்கள் இல்லத்தில் வேலை செய்கிறவர்கள் அங்கே இருப்பவர்களிடம் சும்மா ஒரு பொருளை வாங்கிவிட முடியாது. படிவம் நிரப்ப வேண்டும், மேலாளர் பார்க்க வேண்டும். 'பரிசளிப்பதற்கான காரணம்' என்ற இடத்தில் டொரீன் நடுங்கும் கையால் எழுதினார்: இவளுடைய அக்கா இவளுக்குத் தவறாகச் சொல்லிவிட்டாள். மேலாளர் இரண்டு முறை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் மகள் அபியோடு பார்க்க உட்கார்ந்தேன். அபிக்குப் பதினாறு வயது. என்னோடு ஒரு அறையில் அரை மணி நேரம் இருப்பதே அபூர்வம். தகப்பனுடைய யாழ்ப்பாணத் தமிழில் கொஞ்சம், மிச்சம் ஆங்கிலம். என்னுடைய மலையகத் தமிழ் அவளுக்குச் சிரிப்பு. நான் 'வர்றேன்' என்றால் அவள் 'வாறன்' என்பாள். சின்ன வயதில் அவளுக்குச் சோறு ஊட்டும்போது சொன்னதெல்லாம் அக்காவின் சாவிக்காரன் கதைகள்தான், அதனால் எட்டிப் பார்த்தாள். ஐந்து நிமிடத்தில் "இது பயமில்லை அம்மா, கியூட்டா இருக்கு" என்றாள். நான் பார்த்து நடுங்கிய முகம் அவளுக்குக் கியூட்.

அலுமாரிக் கதை முடிந்தது. உண்மையில் அலுமாரி வெறுமையாக இருக்கிறது. அந்தப் பெண் உள்ளே எட்டிப் பார்க்கிறாள், கதவு அவள் மேல் சாத்திக்கொள்கிறது. வெளியே அவளுடைய உடுப்பைப் போட்டுக்கொண்டு முதல் மனைவியின் ஆவி நின்று சிரிக்கிறது. அக்கா சொன்னதை அபியிடம் சொன்னேன். அடுத்த கதைக்கும் சொன்னேன். அவள் போனை மடியில் வைத்துவிட்டாள். அவள் பள்ளியில் ஒலிப்பதிவு செய்து ஏதேதோ வெட்டி ஒட்டுகிறவள்.

"பெரியம்மா இதைப் பாக்கேல்லை, அம்மா. கேட்டிருக்கிறா."

"என்னாடி ஒளறுற?"

அவள் எழுந்து போய் என் போர்வையை எடுத்து வந்து டீவியின் மேல் போட்டு மூடினாள். கடைசிப் பத்து நிமிடத்தைத் திரும்பவும் ஓட விட்டாள். "இப்ப கேளுங்கோ."

கேட்டேன். மூன்று தட்டு. கதவு திறக்கும் சத்தம். கண்ணாடி உடைந்தது. ஒரு பெண்ணின் சிரிப்பு, அதற்குப் பின்னால் இன்னொரு பெண்ணின் குரல். இரும்பு கேட் கிறீச்சிட்டது. ஒரு கார் புறப்பட்டுப் போனது. போர்வைக்குள் இருந்து வந்தது அக்காவின் முடிவு, ஒரு சத்தம் பிசகாமல். படத்தில் மட்டும் தெரிந்த ஒன்றுகூட அவள் கதையில் இல்லை. காதில் விழுவதெல்லாம் இருந்தது.

"பெரியம்மா செம ஆள்" என்று அபி சொன்னாள், அதை ஆங்கிலத்தில் சொன்னாள். சனிக்கிழமை ஏழரை மணிக்கு அக்கா டீவி இருந்த இடத்தில் இல்லை. அப்படியென்றால் எங்கே இருந்தாள்? எல்லோரையும் அந்தப் பங்களாவில் இருந்து விடுவித்தவள், அந்தச் சின்னப் பெண்ணை மட்டும் ஏன் உள்ளே வைத்துப் பூட்டினாள்? கடைசிக் கதையின் முடிவையும் நான் பார்த்தேன். அதை இங்கே சொல்லப் போவதில்லை, கொஞ்சம் பொறுங்கள்.

6

போனில் கேட்டிருக்கலாம். போனில் அக்காவிடம் ஒரு விசயத்தைக் கேட்டு வாங்கிய ஆள் இன்னும் பிறக்கவில்லை. மெஷின் சத்தத்தைக் கூட்டிவிட்டு, "கேக்கலடி" என்பாள்.

அவளையே லெஸ்டருக்குக் கூப்பிடலாம் என்று பார்த்தால், முந்தைய வருடம்தான் அது நடந்து முடிந்திருந்தது. விசாப் படிவத்தை நான் போனில் கேட்டுக் கேட்டு நிரப்பினேன். இதற்கு முன் செய்த வேலை என்ற இடம் வந்தபோது அந்த ஆறு வருடத்துக்கு என்ன போட என்று கேட்டேன்.

"வீட்டுல இருந்தேன்னு போடு."

"நீ எங்க வீட்டுல இருந்த? கண்டியில வேலைக்குல்ல போன."

"அதுவும் வீடுதானே? யாரு வீடுன்னு அவன் கேக்கலல்ல."

இருவரும் சிரித்தோம். நான் சிரித்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன். விசா கிடைக்கவில்லை. திரும்பிப் போவதற்குப் போதிய காரணம் காட்டப்படவில்லை என்று கடிதம் வந்தது. ஒரு தையல் மெஷினும் ஒரு குவியல் வெள்ளைச் சட்டையும் அவர்களுக்குக் காரணமாகப் படவில்லை.

ஆகவே நானே புறப்பட்டேன். பிறந்த ஊருக்கு வர இணையத்தில் அனுமதி கேட்டேன். எங்கள் அப்பா இந்த மண்ணிலேயே பிறந்தும், இந்திய வம்சாவளி என்பதால் பிரஜாவுரிமைத் தாளுக்காகப் பாதி ஆயுள் அரசாங்கக் கந்தோர் வாசலில் நின்றவர். மகள் அயல்நாட்டுப் பாஸ்போர்ட்டோடு வந்து, வருகையின் நோக்கம் 'சுற்றுலா' என்று குறித்தாள். பேய் நாடகம் காட்டுவதற்கு என்று ஒரு பெட்டி அந்தப் படிவத்தில் இல்லை.

கண்டிக்கு வந்த பிறகுதான் இன்னொரு சிக்கல் உறைத்தது. அக்கா வீட்டில் பெரிய டீவி இருக்கிறது, டிவிடித் தட்டுப் போடும் பெட்டி இல்லை. கண்டி முழுக்க அலைந்தேன். விற்கிறவன் எவனும் இல்லை. கடைசியில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ரேடியோ திருத்துகிற ஒரு வயதான முஸ்லிம் நானாவிடம் போய்ச் சேர்ந்தேன்.

"ஒண்டு ஈக்கிது மகள். தூசு தட்டணும். இப்ப இதெல்லாம் யாரு பாக்கிற?"

"இது இங்கிலாந்துத் தட்டு நானா. அந்த நாட்டுத் தட்டு இங்க ஓடாதுங்கிறாங்களே?"

நானா தட்டை விரல் நுனியில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். "இது சைனாப் பெட்டி மகள். எந்த நாட்டுல இருந்து வந்தாலும் உள்ளுக்கு எடுக்கும். கேள்வி கேக்காது."

இந்த நானாவை விசா அலுவலகத்தில் உட்கார்த்தி வைத்தால் என்ன என்று நினைத்துக்கொண்டு கலஹா பஸ் ஏறினேன்.

7

மறுநாள் போயா. அக்கா மெஷினை மூடி வைத்திருந்தாள், ஆனால் கை சும்மா இருக்குமா? ஒரு சட்டையை மடியில் போட்டு விளிம்பு தைத்துக்கொண்டு, குசினி வாசலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். புத்தம் புது சோபா செட்டி வீட்டு நடுவில் இருக்கிறது.

"செட்டியில உக்காருக்கா."

"எனக்கு இதான் வசதி. நீ போடு."

அலுமாரிக் கதையைப் போட்டேன். சாவிக்காரன் வந்தான். அக்கா "இவனா? என்னா இவ்வளவு ஒல்லியா இருக்கான்" என்றாள். எங்கள் பெட்டரி மங்கிய டீவியில்தான் எல்லோரும் ஒல்லி. இது முழுப்படம். அவள் அவனை ஒழுங்காகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று எனக்குப் பட்டது. அவள் திரும்பவும் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பெண் அலுமாரியை நோக்கிக் கையை நீட்டினாள்.

"இப்ப மூணு தட்டு" என்றாள் அக்கா, ஊசியில் இருந்து கண்ணை எடுக்காமல்.

மூன்று தட்டு கேட்டது.

"இப்ப கண்ணாடி ஒடையும். அப்புறம் சிரிப்பு. அப்புறம் கேட்டு."

ஒவ்வொன்றாக வந்தன. அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தாள். நான் திரையைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னாடி?"

"நீ இத பாக்கவே இல்ல. கேட்டிருக்க."

அக்கா ஊசியைச் சட்டைக் கொலரில் குத்தி வைத்தாள். பிறகு, "யாரு கண்டுபுடிச்சா? நீயா?" என்றாள்.

"அபி."

"அதானே. ஒனக்கு அவ்வளவு மூள இல்லயே."

அதற்குப் பிறகுதான் சொன்னாள். சாதாரணமாக, சட்டை அளவு சொல்வது போலச் சொன்னாள்.

"ஏழரைக்கு அவங்க ஹோல்ல வந்து உக்காந்ததும் குசினிக் கதவ சாத்திருவாங்க. மீன் வாடை வருதாம். நான் இந்தப் பக்கம் சட்டி தேய்ப்பேன். தேய்க்கிற சத்தம் கேட்டா அந்தம்மா ஏசும், நாடகம் கேக்கலன்னு. அதனால முடியிற வரைக்கும் சட்டிய தொடக்கூடாது, சும்மா இருக்கணும். கதவுல காத வச்சிக்கிட்டு தரையில உக்காந்திருப்பேன். அந்த வீட்டுல எனக்கு கெடச்ச ஓய்வே அதான். சாவிக்காரனுக்கு நான் நன்றி சொல்லணும்."

"அடிப்பாங்களா?"

"அடிச்சாங்க. அத இப்ப என்னாத்துக்கு?"

"ஏன்க்கா வீட்டுல சொல்லல?"

"மொத போயாவுல சொல்லத்தான் வந்தேன். திரும்பிப் போக மாட்டேன்னு சொல்லத்தான் வந்தேன். எறங்குன ஒடனே அப்பா, டீவி பாக்க விடுறாங்களான்னு கேட்டாரு. ஆமான்னு வாயில வந்திருச்சு. அவரு மொகம் அப்புடி மலந்துச்சுடி. அதுக்கு மேல எப்புடி சொல்றது? சொன்னா அன்னைக்கே நிப்பாட்டியிருப்பாரு. அப்புறம் நீ எப்புடி படிக்கிறது? பொய் சொன்னதுக்கு முடிவும் சொல்லணும்ல. மாசம் நாலு முடிவு. சட்டி தேய்ச்சிக்கிட்டே யோசிப்பேன், யார எப்புடி வெளிய கொண்டு வரலாம்னு."

"அப்ப அந்தச் சின்னப் புள்ள?"

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பீலிக்கரைக் கல்லின் மேல் நின்று பார்த்த அதே பார்வை.

"அது என் தப்பு. கதய ரொம்ப நல்லா சொல்லிப்புட்டேன். நான் சொன்னத நம்பி நீ பைய கட்டி வச்சிக்கிட்டு நிக்கிற. அனுப்பாதீங்கன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா நானும் வந்திரணும். என்னா பண்றதுன்னு தெரியல. கல்லுல ஏறுற வரைக்கும் தெரியல. ஒன்னய பாத்தேன். அந்தப் புள்ளய உள்ள போட்டு பூட்டிட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு நாட்டில், யாரோ ஒரு டொரீன் கதிரையைத் தட்டி உட்கார் என்றதும் நான் எவ்வளவு சுலபமாக உட்கார்ந்தேன். அதே வேலைதான், அதே நாடகம்தான். அந்தக் கதிரை எனக்குக் கிடைத்ததற்குக் கண்டியில் ஒருத்தி தரையில் உட்கார்ந்திருக்கிறாள். என் அக்கா எனக்காகப் பயத்தைத் தயாரித்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறாள், நான் அதைப் பேய்க்கதை என்று நினைத்துப் பிள்ளைக்குச் சோறு ஊட்டியிருக்கிறேன்.

"அழுதது போதும்" என்றாள் அக்கா. "அந்தக் கதய போடு. அதுல நெசமா என்னா நடந்திச்சுன்னு நானும் பாக்கணும்ல."

தட்டை மாற்றினேன். திரும்பிப் பார்த்தால் அக்கா எழுந்து வந்திருந்தாள். சட்டையை உதறிப் போட்டுவிட்டு, செட்டியில் என் பக்கத்தில், காலை மடித்து வசதியாக உட்கார்ந்தாள்.

சின்னப் பெண் பங்களாவுக்கு வந்தாள். கூடாது என்ற அறைக்குள் போனாள். அவள் மேல் நிழல் விழுந்தது. அந்த இடத்தில் நான் பழக்கதோசத்தில் படம் சுருங்கும் என்று எதிர்பார்த்தேன். சுருங்கவில்லை. அந்தப் பெண் ஒரு பாட்டை முனகினாள். சாவிக்காரன் அவளைப் பிடிக்கக் குனிந்தான். அவள் அவன் இடுப்பில் தொங்கிய கொத்தை உருவிக்கொண்டு, கைக்குக் கீழால் புகுந்து வெளியே ஓடி, கதவைச் சாத்தினாள். சாவி ஒரு தடவை திரும்பியது. சின்னக் கால்கள், மெதுவாக, அந்த நீண்ட நடைக்கூடத்தில் தூரமாகப் போயின. உள்ளே இருந்தது சாவிக்காரன்.

அந்தத் தொடரில் நல்லபடியாக முடிந்த கதை இது ஒன்றுதான்.

அக்கா வாயைத் திறந்தபடி இருந்தாள். "இன்னொருக்கா போடு" என்றாள். போட்டேன். இந்த முறை கண்ணை மூடிக் கேட்டாள், பிறகு திறந்து பார்த்தாள். "அட! பூட்டுனது அந்தப் புள்ளயா!" என்று தொடையில் தட்டிச் சிரித்தாள்.

இருபது வருடம் வெளிநாட்டில் இருந்தவள், அக்காவை ஒரு தடவையாவது தோற்கடிக்க வேண்டாமா? மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியாக்கா, ஒன் முடிவு தப்பு" என்றேன்.

"எங்கடி தப்பு?" என்றாள் அக்கா. "நீ வெளிய தானே இருக்க."